சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

போன இதழில் ரத்தசோகை பற்றி எழுதும்போது, 'டாக்டர் வந்து சொன்னால் காதில் ஏறாதது, பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சொன்னால் ஏறும்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இந்த மாதக் கடிதங்கள் முழுக்க அந்த ஒரு வரிக்கு வந்தவைதான். ரத்தசோகையை யாரும் சீண்டக்கூட இல்லை. சரி, வாசகர் விருப்பம். 31 வருடம் விலங்கியல் நடத்தியதில் 12 வருடம் என்எஸ்எஸ் என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தின் அலுவலராகவும் இருந்தவள் என்பதால், இந்தத் தடவை கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம், எங்கள் கல்லூரியில் செஞ்சுருள் சங்கமும் (எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பு, ரெட் ரிப்பன் கிளப்) என்எஸ்எஸ்சும் சேர்ந்து 24 பிள்ளைகளைச் சுகாதாரத் தலைவர்களாகப் பழக்கியிருக்கிறோம். இரண்டு வருடமாக வகுப்பு வகுப்பாகப் போய் மற்ற மாணவர்களிடம் பேசுகிறார்கள். கேட்டவர்களுக்கு என்ன பயன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 'பேசிய அந்த 24 பேருக்கு என்ன பயன், அதைக் காட்டுங்கள்' என்கிறார் முதல்வர். கருத்துப் படிவம் கொடுத்துப் பார்த்தேன். எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. எப்படித்தான் மதிப்பிடுவது?
*உதவிப் பேராசிரியர், திருமங்கலம்*

தம்பி, எனக்கு 64 ஆகிறது, அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் இதே ஐந்துக்கு ஐந்தை வருடக்கணக்கில் அடுக்கி வைத்தவள்தான். பயிற்சியின் கடைசி நாள் மதியம் பிரியாணி போடுவோம். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் படிவத்தை நீட்டுவேன். மேலே பெயர், வரிசை எண் எல்லாம் எழுத வேண்டும். அதை வாங்கி வைப்பது யார்? இன்டர்னல் மார்க் போடுகிற நானேதான். அந்தப் படிவத்தில் எந்தப் பிள்ளை மூன்று போடும்? ஆய்வுக்கு வந்த குழுவின் மேஜையில் அந்தக் கட்டுகளை வைத்தோம். அவர்களும் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கண் திறந்தது ஒரு ரத்ததான முகாமில். என் தலைவிகள் ஐந்து பேர் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றார்கள். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். ஐந்து பேரில் மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருத்திக்கு 8.9. முருங்கைக்கீரையின் அருமையைப் பற்றி அவளைப்போல அந்தக் கல்லூரியில் யாரும் பேசியதில்லை. செக்கானூரணி தாண்டி ஒரு கிராமம் அவளுக்கு. ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் வகுப்புக்கு வரமுடியும். வயிற்றில் ஒரு டீ, அவ்வளவுதான்.

"ஊருக்குத்தான் உபதேசமா தாயி?" என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. "எத்தனை பேருக்குச் சொன்னேன்னுதான எப்பவும் கேப்பீங்க மேடம். நான் சாப்பிட்டேனான்னு யாரும் கேக்கலையே" என்றாள்.

அதற்கப்புறம்தான் நான் கேள்விகளை மாற்றினேன்.

எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு என்ன தெரிந்தது என்பது ஒன்று. என்ன செய்ய வந்தது என்பது வேறு. அதன் உடம்பிலும் வீட்டிலும் என்ன நடந்தது என்பது இன்னும் வேறு. முதலாவதை அளப்பது சுலபம், அதனாலேயே எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறோம். ஹெச்ஐவி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று பத்துக் கேள்வி கொடுத்தால் உங்கள் பிள்ளைகள் பத்தையும் எழுதிவிடுவார்கள். அதை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு மேலே போங்கள்.

என்ன செய்ய வந்தது என்று பார்க்க நான் கடைசி நான்கு வருடம் ஒரு வழி வைத்திருந்தேன். பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை, பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, ஒவ்வொரு பிள்ளையையும் தனி அறையில் உட்கார வைப்போம். ஒரு சீனியர் மாணவி உள்ளே வந்து, "ரெண்டு மாசமா தீட்டு வரலைக்கா, மெடிக்கல்ல ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டுக்கவா?" என்பாள். நடிப்புதான், பிள்ளைக்கும் அது தெரியும். சம்மதம் வாங்கிக்கொண்டு செல்போனில் குரலை மட்டும் பதிவு செய்வோம். பிறகு முன்னால் பேசியதையும் பின்னால் பேசியதையும் கலைத்துப் போட்டு, தமிழ்த் துறையில் ஒருவர், கணிதத் துறையில் ஒருவர் என்று இரண்டு பேரிடம் கொடுத்துவிடுவோம். எது முந்தையது, எது பிந்தையது என்று அவர்களுக்குத் தெரியாது. வந்தவள் பேசி முடிக்கும்வரை பொறுத்தாளா, எடுத்த எடுப்பில் புத்தி சொன்னாளா, தானாக மாத்திரைப் பெயர் எதையாவது சொல்லித் தொலைத்தாளா, எங்கே யாரிடம் போக வேண்டும் என்று சொன்னாளா. இவ்வளவுதான் அவர்கள் பார்க்க வேண்டியது.

முதல் வருடம் அந்தப் பதிவுகளைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. பயிற்சிக்கு முந்தைய பதிவுகளில் நம் பிள்ளைதான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தது. பிந்தையவற்றில் வந்தவள் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு பையன், சீனியர் மாணவன் ஒருவன் வந்து ஏதோ கேட்டதற்கு, "எனக்குத் தெரியலண்ணே, வாங்க, ரெண்டு பேரும் நர்ஸக்காகிட்ட போய்க் கேப்போம்" என்றான். மேடையில் அரை மணி நேரம் பேசுகிறவனைவிட இவனுக்குத்தான் நான் மார்க் போடுவேன். 19 வயதில் 'எனக்குத் தெரியலை' என்று சொல்ல வருவது சாதாரணமில்லை. 64 வயதிலும் சிலருக்கு வரவில்லை, அதை விடுங்கள்.

மூன்றாவதற்குக் கேள்விகள் மிக எளியவை. போன வாரம் எத்தனை நாள் காலையில் சாப்பிட்டாய்? இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்? உன் ஹீமோகுளோபின் எவ்வளவு? வீட்டில் யாரையாவது சர்க்கரையோ பிரஷரோ பார்க்கக் கூட்டிப் போனாயா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. உங்கள் தலைவிகள் மட்டும் அந்தக் கணக்குக்கு வெளியிலா இருப்பார்கள்? என் செக்கானூரணிப் பிள்ளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடிப்பதை நிறுத்தினாள், அது இரும்பை உடம்பில் ஏறவிடாது. அந்த ஐந்து பேரும் தூக்குவாளியில் கொண்டுவந்து எட்டே முக்காலுக்கு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் அவளுக்கு 11-ஐத் தாண்டியது. அப்புறம் அம்மாவைக் கூட்டிவந்து பார்க்க வைத்தாள். அம்மாவுக்கு அவளைவிடக் குறைவு. இதெல்லாம் எந்த ஐந்துக்கு ஐந்தில் வரும்?

இனி உங்கள் முதல்வர் மடக்கக்கூடிய இடம். இந்த மாதிரி வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிள்ளையே துறுதுறு பிள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து அவன் தைரியமாகப் பேசுகிறான் என்றால், அது உங்கள் பயிற்சியால் வந்ததா, ஏற்கெனவே இருந்ததா? இதில் சேராத பிள்ளைகூட 18-இலிருந்து 20-க்கு வரும்போது கொஞ்சம் விவரமாகத்தான் ஆகும். ஆக, ஒப்பிட ஆள் வேண்டும். சும்மா வராந்தாவில் நிற்கிறவனோடு ஒப்பிடாதீர்கள். பெயர் கொடுத்து இடம் கிடைக்காதவனோடு ஒப்பிடுங்கள். அடுத்த தடவை 24 இடத்துக்கு 50 பேர் வந்தால், நேர்காணல் வைத்துப் பொறுக்காமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மீதி 26 பேருக்கு அடுத்த செமஸ்டரில் பயிற்சி என்று சொல்லிவிடுங்கள். இடையில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கேள்விகள், ஒரே தனி அறை. வித்தியாசம் தெரிந்தால் அது பயிற்சியால் வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

படிவத்தில் பெயர் வேண்டாம். முன்னாலும் பின்னாலும் அதே பிள்ளைதான் எழுதியது என்று தெரிந்தால் போதும். அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, போன் நம்பரின் கடைசி இரண்டு எண், இந்த மூன்றையும் சேர்த்து அவர்களே ஒரு குறி எழுதட்டும். படிவத்தை வாங்க உங்கள் துறையிலிருந்து யாரும் போக வேண்டாம். நூலகரைக் கேளுங்கள், செய்வார்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இப்போது 24 பேர். தொடங்கும்போது எத்தனை பேர்? நடுவில் நின்றவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கடைசிவரை இருந்தவர்களை மட்டும் கேட்பது, கல்யாணப் பந்தியில் கடைசிவரை உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் சமையல் எப்படி என்று கேட்பதுபோல. என் குழுவிலிருந்து நின்றுபோன ஒரு பையன், "சனிக்கிழமை சனிக்கிழமை மாட்டுத்தாவணியில் லோடு இறக்கப் போவேன் மேடம், நீங்க சனிக்கிழமை கூட்டம் வெச்சீங்க" என்றான். கூலி வேலைக்குப் போகிற பிள்ளைகளை நான் அறியாமலேயே கழித்துக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வாரத்தில் கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினோம்.

அறிக்கையில் தயவுசெய்து '87.5 சதவீதம் பேர் முன்னேற்றம்' என்று எழுதாதீர்கள். உங்களுக்கு 24 பேரில் ஒருத்தன் நாலு சதவீதம், அவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கே மாறிவிடும். '24 பேரில் 21 பேர்' என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், பயிற்சி சூட்டில் இருப்பது வேறு, நிலைத்து நிற்பது வேறு.

நாம்தான் முதலில் யோசிக்கிறோம் என்றும் நினைத்துவிட வேண்டாம். உதவி வாங்குகிறவரைவிட உதவி செய்கிறவருக்கே பல நேரம் அதிக நன்மை என்று ஃபிராங்க் ரீஸ்மன் என்பவர் 1965-லேயே ஒரு கட்டுரையில் வாதிட்டார். அமெரிக்கக் கல்லூரிகளில் குடிப்பழக்கம் பற்றி மாணவர்களே மாணவர்களிடம் பேசும் ஓர் அமைப்பு 1975-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. பேசப் போகிற மாணவர் என்ன கற்றார் என்று அவரிடமே கேட்பதற்குத் தனியாக ஒரு கேள்வித்தாளே அங்கே உண்டு. ஆனால் அதுவும் அவரவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான். அதில் இருக்கிற வம்பு என்ன என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

வணக்கம் மேடம். நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. பயிற்சிக்கு முன்னால் 'பிறருக்கு ஆறுதலாகப் பேசும் திறமை உனக்கு எவ்வளவு?' என்று கேட்டார்கள். பத்துக்கு எட்டு போட்டேன். நாலு மாதம் கழித்து அதே கேள்விக்கு ஆறு போட்டேன். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இப்படிக் குறைந்திருக்கிறது. 'உங்களுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தோமே' என்கிறார் சார். நாங்கள் மக்காகிவிட்டோமா?
*மாணவர், மதுரை*

இல்லை தம்பி, நீ தேறிவிட்டாய்! நீச்சல் தெரியாதவனிடம் கரையில் வைத்துக் கேட்டால் 'ஓரளவு வரும்' என்பான். கிணற்றில் இறங்கி நாலு மடக்குத் தண்ணீர் குடித்தவனைக் கேட்டால்தான் உண்மை வரும். முன்னால் எட்டு போட்டபோது உன்னிடம் இருந்த அளவுகோலே வேறு. ஆறுதலாகப் பேசுவது என்றால் 'கவலைப்படாதடா மாப்ள' என்று தோளில் தட்டுவது என்று நினைத்திருப்பாய். நடுவில் அளவுகோல் நீண்டுவிட்டது.

இதை 1979-ல் ஜார்ஜ் ஹோவர்டும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன வழி ரொம்ப எளிது. பயிற்சி முடிந்த பிறகு ஒரே தாளில் இரண்டையும் கேட்க வேண்டும்: 'இன்றைக்கு எவ்வளவு? இன்றைக்குத் தெரிந்ததை வைத்துத் திரும்பிப் பார்த்தால், அன்றைக்கு எவ்வளவு இருந்தது?' உன் சாரிடம் சொல்லி அப்படிக் கேட்கச் சொல். அன்றைக்கு மூன்று, இன்றைக்கு ஆறு என்று எழுதுவாய் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும்: மேடத்தையும் சாரையும் திருப்திப்படுத்த வேண்டும் என்று மூன்றை இரண்டாக்கிவிடாதே. அந்த ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். அதனால்தான் முந்தைய பதிலில் அந்தத் தனி அறைச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அம்மா, என் மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன வருடம் சுகாதாரத் தலைவி ஆனாள், எங்களுக்கும் பெருமையாக இருந்தது. இப்போது ராத்திரி 11 மணிக்குமேல் பிள்ளைகள் இவள் அறைக்கு வந்து அழுகிறார்களாம். அதில் ஒரு பிள்ளை 'செத்துடலாம்போல இருக்கு, யார்கிட்டயும் சொல்லாத' என்று சத்தியம் வாங்கியிருக்கிறது. இவள் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. லீவுக்கு வந்தபோதுதான் எங்களிடம் சொன்னாள். இந்தப் பொறுப்பிலிருந்து விலகச் சொல்லலாமா?
*தந்தை, மேலூர்*

உங்கள் கடிதம் வந்த அன்றே, அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து பேசிவிட்டேன். இருந்தாலும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அந்தச் சத்தியம் செல்லாது. சாவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் ரகசியம் காக்கக் கூடாது, அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். வார்டன், பேராசிரியர், அந்தப் பிள்ளையின் பெற்றோர், யார் அப்போது கிடைக்கிறார்களோ அவர்களிடம். அதுவரை அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'சொன்னதால் அவள் என்னோடு பேசாமல் போய்விடுவாளே' என்று உங்கள் மகள் கலங்கினாள். பேசாமல் போகட்டும், உயிரோடு இருந்தால் ஒருநாள் பேசுவாள் என்றேன்.

விலகுவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். ஆனால் நான் கோபப்படுவது அவளைப் பழக்கியவர்கள்மேல். 19 வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாள் வகுப்பெடுத்து, பேட்ஜ் குத்தி, 'போய்க் கேள்' என்று அனுப்பிவிட்டால் ஆயிற்றா? கேட்டதையெல்லாம் அவள் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பாள்? வாரத்துக்கு ஒரு மணி நேரம் விவரம் தெரிந்த ஒருவர் இந்தப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். யார் வந்தார், யார் அழுதார் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை, 'எனக்கு என்ன ஆயிற்று' என்பதைச் சொன்னால் போதும். இரவு 9 மணிக்குமேல் கதவு மூடியிருக்கும், அவசரம் என்றால் வார்டனுக்குப் போன் போகும் என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு விதி வேண்டும். நாங்களும் என் காலத்தில் முதலில் இந்த விதியைப் போடவில்லை. ஒரு பிள்ளை இதே மாதிரி இளைத்துப்போன பிறகுதான் போட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

திருமங்கலம் தம்பிக்கும் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். பயனை அளக்கும் தாளிலேயே பாரத்தையும் கேட்டுவிடுங்கள். 'இந்த வேலையால் இந்த மாதம் எத்தனை இரவு தூக்கம் கெட்டது?' என்று ஒரு கேள்வி. தன்னம்பிக்கை கூடியது என்று எழுதிய அதே பிள்ளை அங்கே 'பத்து' என்று எழுதினால், முதல் வரியை மட்டும் முதல்வரிடம் காட்டுவது நியாயமாகாது.

மேடம், நான் உசிலம்பட்டிப் பக்கம். தினமும் பஸ்ஸில்தான் மதுரைக்கு வருகிறேன். ஆர்ஆர்சி (செஞ்சுருள் சங்க) லீடர் ஆக ஆசை. 'இதனால வேலை கெடைக்குமா? கெடைக்காதுன்னா எதுக்கு லேட்டா வர்ற?' என்கிறார் அப்பா. என்ன சொல்வது?
*முதலாம் ஆண்டு மாணவி*

அப்பா கேட்டதில் தப்பில்லை தாயி. போக வர எண்பது கிலோமீட்டர் பயணம், இருட்டுவதற்குள் பிள்ளை வீடு வர வேண்டும் என்று நினைக்கிற மனுசர். 'ஆளுமை வளரும்' என்று சொன்னால் அவருக்கு அது காதில் ஏறாது, எனக்கும் ஏறாது. நேரடியாக இதனால் வேலை கிடைக்காது என்று உண்மையைச் சொல்லிவிடு.

என்ன கிடைக்கும் என்பதை என்னிடம் இருந்த ஒரு பிள்ளையை வைத்துச் சொல்கிறேன். தன் விண்ணப்பத்தில் 'தலைமைப் பண்பு உண்டு' என்று எழுதிக் கொண்டுவந்தாள். அடித்துவிட்டு, 'இரண்டு ஆண்டில் 31 வகுப்புகளில் தலா 20 நிமிடம் பேசினேன், என் கீழ் ஆறு பேர், கேள்விப் பெட்டியில் வந்த சீட்டுகளைத் தலைப்புவாரியாகப் பிரித்தேன்' என்று எழுத வைத்தேன். நேர்காணலில் முக்கால்வாசி நேரம் அந்தக் கேள்விப் பெட்டியைப் பற்றித்தான் கேட்டார்களாம். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடு. தேதி, எந்த வகுப்பு, என்ன தலைப்பு, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தாய். யார் வந்து என்ன சொன்னார் என்று பெயரோடு எழுதிவிடாதே, நோட்டு பஸ்ஸில் தொலைந்துபோனால் வினை. இரண்டு வருடம் கழித்து அந்த 'முழித்த' கேள்விகளை வரிசையாகப் படித்துப் பார். உன்னை நீயே மதிப்பிட அதைவிட நல்ல தாள் இல்லை.

அப்பாவுக்கு இன்னொன்று: மதிய இடைவேளையில் கூட்டம் வைக்கச் சொல்லிக் கேள். நிறையக் கல்லூரிகளில் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் இதில் சேராததற்குக் காரணம் ஆர்வக்குறைவு இல்லை, மாலை நாலு மணி.

பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்வது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த புதுசுபோல எழுதுகிறார்களே, எங்கள் காலத்துச் சட்டாம்பிள்ளை என்ன ஆனார்?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சோழவந்தான்*

ஐயா, கப்பலேறிப் போனார்! சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைச் சிறுவர்களுக்கான விடுதியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். ஒரு பிள்ளையை வைத்து மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையைத் தன் விடுதியில் நடத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அங்கே அதற்குப் பெயர். சொல்லிக்கொடுக்கிற பிள்ளையும் படிக்கிறது என்று அவரும் எழுதினார். சட்டாம்பிள்ளையின் கையில் இருந்த பிரம்பு மட்டும் இந்தக் காலத்துத் தலைவர்களுக்குக் கிடையாது. சில பேர் நாக்கிலேயே வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மேடம், கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில் சிகரெட் விற்கும் பெட்டிக்கடையை எடுக்க வைக்க எங்கள் குழு மூன்று மாதம் அலைந்தது. நடக்கவில்லை. ஆண்டறிக்கையில் இதை எழுத வேண்டாம் என்கிறார்கள். தோற்றது பயனில் சேராதா?
*மாணவர் குழு, மதுரை*

எழுதுங்கள், முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. அதாவது சுமார் 91 மீட்டர். நீங்கள் அளந்த விவரத்தையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்: வாசல் கேட்டிலிருந்து டேப் பிடித்திருக்கிறீர்கள், 96 மீட்டர் வந்திருக்கிறது, கடைக்காரர் சிரித்திருக்கிறார். அங்கேதான் கோட்டை விட்டீர்கள். கேட்டிலிருந்து அளக்கக் கூடாது, சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். கடைப் பக்கம் வருகிற சுவரின் மூலையிலிருந்து பிடித்துப் பாருங்கள்.

இந்த மூன்று மாதத்தில் மனு எழுத, கையெழுத்து வாங்க, அலுவலகத்தில் காத்துக்கிடக்க, 'நாளைக்கு வா' என்பதற்கு அடுத்த நாளும் போய் நிற்க, இதில் யார் யார் என்ன கற்றார்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். கடைக்காரர் அண்ணன் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும், சிகரெட்டை விட்டால் வேறு எதை வைத்துப் பிழைப்பார் என்று கேட்டீர்களா? அறிக்கையின் ஒரு படி எனக்கும் அனுப்புங்கள். மூலையிலிருந்து அளந்தால் எத்தனை மீட்டர் வருகிறது என்று எனக்கே ஆவலாக இருக்கிறது.